குருத்தணு மாற்றுக்குப் பின்: எதிர்ப்பாற்றல் சிக்கலைத் தடுத்தலும் பொதுநலத் துறையின் கடமையும்

இரத்தப் புற்றுநோயின் சில வகைகளுக்கு மருந்து மட்டும் போதுவதில்லை. நோயாளியின் எலும்பு மஜ்ஜையை மருந்தாலோ கதிர்வீச்சாலோ ஒடுக்கிவிட்டு, வேறொருவரிடமிருந்து பெற்ற குருத்தணுக்களைச் செலுத்துவதே நிலையான குணத்திற்கு வழியாகிறது. இச்சிகிச்சை நம் நாட்டிற்குப் புதிதன்று. 1983-ல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986-ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் மாமன் சாண்டியின் தலைமையிலும் இது தொடங்கப்பெற்றது. இன்று நாட்டின் பல நகரங்களில் இதற்கான பிரிவுகள் இயங்குகின்றன.

ஆயினும், புற்றுநோயை வென்ற நோயாளிக்கு மற்றோர் ஆபத்து காத்திருக்கிறது. செலுத்தப்பட்ட அணுக்களே அவருடைய உடலைத் தாக்கத் தலைப்படும் நிலை அது. இதனை மருத்துவர்கள் 'ஜி.வி.எச்.டி.' எனச் சுருக்கமாக அழைப்பர்; தமிழில் 'கொடையணுத் தாக்கு நோய்' எனலாம். மாற்றுச் சிகிச்சை பெற்றோரின் உயிரையும் வாழ்க்கைத் தரத்தையும் நிர்ணயிப்பதில் இந்நோய்க்குப் பெரும் பங்குண்டு. இதைத் தடுக்கும் பணி மருத்துவமனையில் தொடங்கினாலும், அதன் பெரும்பகுதி நோயாளி ஊர் திரும்பிய பிறகே நடைபெறுகிறது. ஆகையால் இது மருத்துவ வல்லுநர்களுக்கு மட்டும் உரிய பொருளன்று. சுகாதாரத் திட்டங்களை வகுப்போரும் நடத்துவோரும் அறிந்திருக்க வேண்டிய பொருளுமாகும்.

நோயின் இயல்பு

சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்றத்தில், நோயாளியின் உடல் புதிய உறுப்பை அந்நியமாகக் கருதி விலக்க முயல்கிறது. குருத்தணு மாற்றத்தில் நிலைமை தலைகீழாகிறது. மாற்றப்படுவதே நோய் எதிர்ப்பு ஆற்றல்தான். கொடையாளியின் டி வகை வெள்ளையணுக்கள் நோயாளியின் உடலுக்குள் சென்றதும், அங்குள்ள திசுக்களை அந்நியமாகக் காண்கின்றன. நோயாளியின் எதிர்ப்பாற்றல் ஒடுக்கப்பட்டிருப்பதால் அவற்றைத் தடுக்க எவருமில்லை. இம்மூன்று நிலைமைகளும் ஒன்றுசேரும்போதே இந்நோய் தோன்றுகிறது என்பதை 1966-ல் ரூபர்ட் பில்லிங்காம் என்னும் அறிவியலார் வகுத்துரைத்தார்.

கடும் வகை நோய் பெரும்பாலும் முதல் நூறு நாட்களுக்குள் தோன்றும். தோல், குடல், கல்லீரல் ஆகிய மூன்றும் அதன் இலக்குகள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு, ஓயாத வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை ஆகியன முதல் அறிகுறிகள். நாட்பட்ட வகை பின்னர் தலைகாட்டும். வாய் உலர்தல், கண் எரிச்சல், தோல் இறுகுதல், மூட்டுகள் மடங்காமை, நுரையீரல் சுருங்குதல் என அது பல வடிவங்களில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கக்கூடும். விவசாயக் கூலிவேலை செய்யும் ஒருவருக்கு விரல்கள் மடங்காவிடில், புற்றுநோய் குணமாகியும் பிழைப்பு போய்விடுகிறது.

கடும் வகை தோன்றிவிட்டால் முதலில் தரப்படும் மருந்து ஸ்டீராய்டு ஆகும். அதற்கு ஏறக்குறையப் பாதிப் பேருக்கே போதிய பலன் கிட்டுகிறது. எஞ்சியோருக்கு ருக்சோலிட்டினிப் போன்ற பிந்தைய மருந்துகள் தேவைப்படுகின்றன. அவர்களிடையே இறப்பும் மிகுதி. வந்தபின் தீர்ப்பதைவிட வருமுன் தடுப்பதே சிக்கனமும் அறிவுடைமையும் ஆகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முற்றிலும் அடக்குதல் கூடுமா?

தாக்கும் அணுக்களை முழுமையாக நீக்கிவிட்டால் என்ன என்ற வினா எழுவது இயல்பு. அவ்வாறு செய்தும் பார்க்கப்பட்டது. கொடையாகப் பெற்ற மஜ்ஜையிலிருந்து டி அணுக்களை நீக்கியபோது தாக்கு நோய் குறைந்தது; ஆனால் புற்றுநோய் திரும்புவது அதிகரித்தது. ஒரே கருவில் பிறந்த இரட்டையரிடமிருந்து பெற்ற மாற்றங்களிலும் இவ்வாறே காணப்பட்டது. இதிலிருந்து ஒரு முக்கிய உண்மை வெளிப்பட்டது. நோயாளியின் திசுக்களைத் தாக்கும் அதே அணுக்கள், எஞ்சி ஒளிந்திருக்கும் புற்றணுக்களையும் தேடி அழிக்கின்றன. மாற்றுச் சிகிச்சையின் குணப்படுத்தும் ஆற்றலில் ஒரு பகுதி இதுவே.

எனவே தடுப்பின் நோக்கம் எதிர்ப்பாற்றலை அணைத்துவிடுவதன்று, அளவோடு நிறுத்துவதாகும். குறைவாக அடக்கினால் தாக்கு நோய்; மிகுதியாக அடக்கினால் தொற்றும் புற்றுநோயின் மீள்வரவும். பொருளாதாரத்தில் ஒரு நன்மைக்காக மற்றொன்றை எவ்வளவு விட்டுக்கொடுப்பது எனக் கணக்கிடுவது போன்றதே இதுவும். இந்த அளவு பார்த்தலே பின்வரும் எல்லா முறைகளுக்கும் அடிப்படை.

முதல் தடுப்பு: பொருத்தமான கொடையாளி

நோயாளிக்கும் கொடையாளிக்கும் திசுப் பொருத்தம் எவ்வளவுக்கு மிகுதியோ, அவ்வளவுக்குத் தாக்குதல் குறைவு. இப்பொருத்தத்தை நிர்ணயிக்கும் எச்.எல்.ஏ. அமைப்பைக் கண்டறிவதில் முன்னோடியாக இருந்த பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசே 1980-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையை வளர்த்தெடுத்த அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் 1990-ல் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

எச்.எல்.ஏ. தொகுதியில் ஒன்று தந்தையிடமிருந்தும் மற்றொன்று தாயிடமிருந்தும் வருகிறது. ஆதலால் உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. உடன்பிறந்தோர் இருவராயின் பொருத்தமானவர் கிடைக்கும் வாய்ப்பு 44 சதவீதம், மூவராயின் 58, நால்வராயின் 68. இக்கணக்கு மக்கள்தொகை மாற்றத்துடன் நேரடியாகத் தொடர்புடையது. 2019-21-ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் ஆந்திரப் பிரதேசத்தில் 1.7, தமிழ்நாட்டில் 1.8. குடும்ப நலத் திட்டத்தின் இவ்வெற்றி வேறொரு துறையில் ஒரு புதிய தேவையை உண்டாக்கியுள்ளது. ஒரே ஒரு தம்பியோ தங்கையோ உள்ள இளைஞருக்கு, குடும்பத்திற்குள் முழுப் பொருத்தம் கிட்டும் வாய்ப்பு 25 சதவீதத்தைத் தாண்டாது.

தென்னிந்தியாவில் அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என உறவுக்குள் மணம் செய்யும் வழக்கம் இன்னும் உள்ளது. இதனால் பெற்றோர், மாமன், அத்தை முதலிய விரிந்த உறவினரிடையேயும் சிலசமயம் பொருத்தம் கிடைக்கிறது. உறவினர் அல்லாத கொடையாளிகளைத் தேட, சென்னையில் 2009-ல் தொடங்கப்பெற்ற 'தாத்ரி' போன்ற பதிவேடுகள் உதவுகின்றன. எனினும் நம் மக்கள்தொகைக்கும் இனக்குழுப் பன்மைக்கும் பதிவு செய்தோர் தொகை சிறிதே.

பொருத்தம் ஒருபுறமிருக்க, வேறு தேர்வுகளும் தடுப்புக்கு உதவுகின்றன. இளவயதுக் கொடையாளியே விரும்பத்தக்கவர். பல மகப்பேறு கண்ட பெண்ணின் அணுக்களை ஆணுக்குத் தரும்போது நாட்பட்ட நோய் சற்று மிகுகிறது. சுற்றோட்ட இரத்தத்திலிருந்து குருத்தணுக்களைப் பிரித்தெடுப்பது எளிது. ஆயினும் நாட்பட்ட நோய் அதில் அதிகம். உறவல்லாத கொடையாளிகளைக் கொண்டு நடத்தி 2012-ல் வெளியிடப்பட்ட ஆய்வில், இரண்டாண்டு முடிவில் இரத்தவழி அணு பெற்றோரில் 53 சதவீதமும், மஜ்ஜை பெற்றோரில் 41 சதவீதமும் நாட்பட்ட நோய்க்கு ஆளாயினர். உயிர்பிழைப்பில் வேறுபாடு காணப்படவில்லை.

மருந்துகளின் வரலாறு

தடுப்பு மருந்துகளுள் மூத்தது மெத்தோடிரெக்சேட். இதன் தோற்றத்தில் ஆந்திர மண்ணுக்குப் பங்குண்டு. 1895-ல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லே ஆய்வுக்கூடத்தில் ஃபோலிக் அமிலத்தையும் அதற்கு எதிராகச் செயல்படும் மருந்துகளையும் உருவாக்கிய குழுவை வழிநடத்தினார். அவற்றுள் ஒன்றைக் கொண்டே குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகப் பணியவைத்ததை 1948-ல் சிட்னி ஃபார்பர் வெளியிட்டார். அதே ஆண்டில் சுப்பாராவ் மறைந்தார். அவ்வழிவந்த மெத்தோடிரெக்சேட்டை மாற்று முடிந்த 1, 3, 6, 11-ஆம் நாட்களில் சிறு அளவில் செலுத்தினால், பெருகத் தொடங்கும் தாக்கணுக்கள் ஒடுங்குகின்றன.

இரண்டாவது, சைக்ளோஸ்போரின். நார்வே நாட்டு மண்ணிலிருந்து எடுத்த ஒரு பூஞ்சையிலிருந்து பிரிக்கப்பட்ட இப்பொருளின் எதிர்ப்பாற்றல் அடக்கும் தன்மை, 1970-களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தில் கண்டறியப்பட்டது. டி அணுக்கள் விழித்தெழுவதற்கான சமிக்ஞையை இது தடுக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துத் தந்தபோது, நடுத்தரம் முதல் கடுமையானது வரையிலான தாக்கு நோய் 54 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாகக் குறைந்தது என 1986-ல் சியாட்டில் நகர ஆய்வு தெரிவித்தது. வேலூரில் மாற்றுச் சிகிச்சை தொடங்கிய ஆண்டும் அதுவே. அதன் பின் இவ்விணைப்பும், சைக்ளோஸ்போரினுக்கு ஈடான டாக்ரோலிமஸ் சேர்ந்த இணைப்பும் உலகெங்கும் அடிப்படை முறையாயின.

உறவல்லாத கொடையாளியிடம் பெறும்போது, டி அணுக்களை ஒடுக்கும் 'ஏ.டி.ஜி.' என்னும் எதிர்ப்புரதமும் சேர்க்கப்படுவதுண்டு. முழுப் பொருத்தமுள்ள உடன்பிறந்தோரிடையேயும் அது நாட்பட்ட நோயை 68.7 சதவீதத்திலிருந்து 32.2 சதவீதமாகக் குறைத்ததாக 2016-ல் ஓர் ஐரோப்பிய ஆய்வு கூறிற்று. கடும் வகையைத் தடுப்பதற்கென்றே 2021-ல் அபட்டாசெப்ட் என்னும் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி வழங்கியது. இவையிரண்டும் விலை மிக்கவை.

பழைய மருந்தின் புதிய பயன்

கடந்த இருபது ஆண்டுகளில் இத்துறையில் ஏற்பட்ட பெருமாற்றம் விலையுயர்ந்த மருந்தினால் விளைந்ததன்று. 1950-களின் இறுதி முதல் புற்றுநோய்க்குப் பயன்பட்டுவரும் சைக்ளோபாஸ்பமைடு என்னும் மருந்தை, மாற்று முடிந்த மூன்றாம், நான்காம் நாட்களில் தருவதே அம்முறை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையினர் இதனை வளர்த்தெடுத்தனர்.

இதன் தத்துவம் எளியது. நோயாளியின் உடலை அந்நியமென உணர்ந்த டி அணுக்கள் அவ்விரு நாட்களில் மிக வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும். பெருகும் அணுவைக் கொல்வதே இம்மருந்தின் இயல்பு. வாளாவிருக்கும் பிற அணுக்கள் பெரும்பாலும் தப்புகின்றன. குருத்தணுக்களோ, இம்மருந்தைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தம்மிடம் மிகுதியாகக் கொண்டிருப்பதால் பிழைத்துக்கொள்கின்றன. களை முளைவிட்ட தருணம் பார்த்து எடுப்பது போன்றது இது. நாள் தவறினால் பயனும் தவறும்.

இதன் விளைவாக, பாதிப் பொருத்தமே உள்ள தாய், தந்தை, மகன், மகள் ஆகியோரிடமிருந்தும் குருத்தணு பெறுவது இயலுவதாயிற்று. உடன்பிறந்தோர் குறைந்துவரும் சமுதாயத்திற்கு இது எத்தகைய வாய்ப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை. பொருத்தமுள்ள கொடையாளிகளின் விஷயத்திலும் இம்முறை முந்துகிறது. மிதமான முன்சிகிச்சை பெற்ற 431 நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடத்தி 2023-ல் வெளியிடப்பட்ட ஆய்வில், கடுந்தாக்கு நோயோ, மருந்து தேவைப்படும் நாட்பட்ட நோயோ, புற்றுநோயின் மீள்வரவோ இன்றி ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் புதிய முறையில் 52.7 சதவீதம், மெத்தோடிரெக்சேட் முறையில் 34.9 சதவீதம். மிகக் கடுமையான தாக்கு நோய் 14.7 சதவீதத்திலிருந்து 6.3 சதவீதமாகக் குறைந்தது.

இம்முறைக்கும் குறைகள் உண்டு. புதிய அணுக்கள் வேரூன்றச் சில நாட்கள் தாமதமாகின்றன. சிறுநீர்ப்பையில் இரத்தக்கசிவு நேராமலிருக்க நீரேற்றமும் காப்பு மருந்தும் வேண்டும். இதயத்தைக் கவனிக்க வேண்டும். தொற்றுகளும், சிறப்பாகச் சைட்டோமெகலோ என்னும் வைரசின் மறுகிளர்ச்சியும், கூடுதலாகின்றன. நம் நாட்டில் வளர்ந்தோரில் மிகப் பெரும்பாலோரின் உடலில் இவ்வைரஸ் உறங்கியிருப்பதால், அதற்கான இரத்தச் சோதனையை இடையறாது செய்ய வேண்டியிருக்கிறது.

ஊர் திரும்பிய பின்

இனி இப்பொருளை ஓர் ஊரிலிருந்து நோக்குதல் பயனுடையது. ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், கர்நூல் நெடுஞ்சாலையிலிருந்து திருப்பதிச் சாலை பிரியுமிடத்தில் அமைந்தது புத்தலப்பட்டு. மாந்தோப்பும் நிலக்கடலையும் பால் மாடும் வாழ்வாதாரமாக உள்ள பகுதி. தெற்கே சித்தூரைக் கடந்தால் வேலூர், வடகிழக்கே திருப்பதி. திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனமும், 2022-ல் திறக்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனையும் உள்ளன. வேலூர்க் கல்லூரியின் இரத்தவியல் துறை, 2022-ல் திறக்கப்பட்ட இராணிப்பேட்டை வளாகத்தில் இயங்குகிறது. 1911-ல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை, சித்தூரும் வேலூரும் வட ஆர்க்காடு மாவட்டத்திலேயே இருந்தன. இன்று அவற்றினிடையே மாநில எல்லை உள்ளது.

இத்தகைய ஊரிலிருந்து சென்று மாற்றுச் சிகிச்சை பெற்ற விவசாயி ஒருவர் வீடு திரும்புவதாகக் கொள்வோம். அவர் கையில் பல மாதங்களுக்குரிய மாத்திரைகள் இருக்கும். சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் இரத்தத்தில் குறித்த அளவில் நிற்க வேண்டும். குறைந்தால் தாக்கு நோய் கிளம்பும்; மிகுந்தால் சிறுநீரகம் கெடும். இந்த அளவைப் பாதிப்பவை அன்றாட வாழ்வில் பல. காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிட்டாயின் ஆகியன அதனைக் குறைத்துவிடும். பூஞ்சைத் தொற்றுக்கான சில மருந்துகளும், எரித்ரோமைசின் வகையும் அதனை உயர்த்திவிடும். பம்பளிமாஸ் இனப் பழங்களையும், உட்பொருள் அறியாத நாட்டு மருந்துகளையும் விலக்க வேண்டும். காய்ச்சலென்று வரும் இந்நோயாளிக்கு நல்லெண்ணத்துடன் எழுதப்படும் ஒரு மருந்துச் சீட்டே பெரும் செலவில் பெற்ற பலனைக் குலைத்துவிடக் கூடும்.

வெயிலும் தாக்கு நோயைத் தூண்டவல்லது. சித்தூரின் கோடையில் திறந்தவெளி வேலை ஓராண்டேனும் கூடாது. மாட்டுக்கொட்டிலும், பூஞ்சை பிடித்த வைக்கோலும், மண் வேலையும் நுரையீரல் தொற்றுக்கு வழியாகலாம். ஆகவே குடும்பத்தின் முதன்மை உழைப்பாளி நெடுங்காலம் வருவாயின்றி இருக்க நேர்கிறது; உடனிருந்து பார்ப்பவரின் கூலியும் போகிறது. மாத்திரைக்குப் பணமில்லாமல் அளவைப் பாதியாகக் குறைத்து உண்ணும் நிலை இங்கேதான் உருவாகிறது.

இரத்தம் ஏற்றுவதிலும் எச்சரிக்கை தேவை. தானமாகப் பெற்ற இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்களே தாக்கு நோயை விளைவிக்க வல்லவை. அவ்வகை பெரும்பாலும் உயிரைப் பறிப்பது. இரத்த உறவினர் தரும் இரத்தத்தில் இவ்வாபத்து மிகுதி. ஆதலால் இந்நோயாளிகளுக்குக் கதிரூட்டப்பட்ட இரத்தமே ஏற்றப்படவேண்டும். 'சொந்தத் தம்பியின் இரத்தமே நல்லது' என்னும் பரவலான எண்ணத்தை மாற்றுவது களப்பணியாளரின் கடமை.

தடுப்பூசிகளையும் மறத்தலாகாது. சிறுவயதில் பெற்ற தடுப்பாற்றல் மாற்றுச் சிகிச்சையோடு பெரிதும் அழிந்துவிடுகிறது. வளர்ந்தவராயினும் குழந்தைக்குரிய தடுப்பூசிகளை மீண்டும் முறைப்படி பெறவேண்டும். உயிருள்ள கிருமிகளாலான தடுப்பூசிகள் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னும், எதிர்ப்பாற்றல் அடக்கும் மருந்து உண்ணும் காலத்திலும் கூடா. வீட்டிலுள்ள குழந்தைக்கு வாய்வழிப் போலியோ மருந்து தருமுன் மாற்றுச் சிகிச்சை மருத்துவரைக் கலந்துகொள்ளுதல் வேண்டும்.

செலவும் திட்டமும்

இச்சிகிச்சைக்குப் பல லட்சம் ரூபாய் செலவாகிறது. தலசீமியாக் குழந்தைகளுக்கென 2017-ல் கோல் இந்தியா நிறுவனம் தொடங்கிய உதவித் திட்டத்தில் ஒருவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை உச்சவரம்பு வைக்கப்பட்டது செலவின் பரிமாணத்தைக் காட்டும். 2007-ல் ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ, 2018-ல் தொடங்கிய பிரதமரின் ஜன் ஆரோக்கிய யோஜனா முதலியன, பெருநோய்ச் செலவிலிருந்து ஏழைக் குடும்பங்களைக் காக்கும் நோக்குடையவை.

இத்தகைய காப்புத் திட்டங்களின் அமைப்பு பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கும் நாட்களை ஒட்டியது. அறுவைக்கு இது பொருந்தும். குருத்தணு மாற்றத்திற்கோ, சிகிச்சையின் பாதி வெளிநோயாளிக் காலத்தில்தான் நடக்கிறது. மருந்தளவுச் சோதனை, வைரஸ் சோதனை, மாத்திரை, பயணம், வளாகத்திற்கு அருகே வாடகை அறை ஆகிய ஒவ்வொன்றும் சிறுதொகை. சேர்ந்தால் ஒரு குடும்பத்தின் நிலத்தை விற்கச் செய்யும் தொகை. மாற்றுக்குப் பல லட்சம் செலவழித்துவிட்டு, அதைக் காக்கும் மாத்திரைக்குப் பணமில்லாமற் செய்வது, அணையைக் கட்டிவிட்டு வாய்க்காலுக்கு நிதி ஒதுக்காமல் விடுவதை ஒக்கும். மெத்தோடிரெக்சேட், சைக்ளோஸ்போரின், சைக்ளோபாஸ்பமைடு ஆகிய மூன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளவை என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. தடுப்பின் சுமை, மருந்தின் விலையைவிடத் தொடர் கண்காணிப்பிலேயே மிகுதியாக உள்ளது.

செய்யத்தக்கவை

மாற்றுச் சிகிச்சைக்கான நிதித் தொகுப்பு, குறைந்தது ஓராண்டின் மருந்தையும் சோதனைகளையும் பயணத்தையும் உள்ளடக்குதல் வேண்டும். மாநில எல்லை கடந்து சிகிச்சை பெறுவோருக்கு இத்தொடர் உதவி அறுபடாதிருத்தல் வேண்டும். நோயாளி வீடு திரும்பும்போது, தவிர்க்கவேண்டிய மருந்துகளும் ஆபத்து அறிகுறிகளும் அழைக்கவேண்டிய தொலைபேசி எண்ணும் கொண்ட அட்டை ஒன்று அவர் அறிந்த மொழியில் தரப்படுதல் நலம். தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் சித்தூர்ப் பகுதியில் இரு மொழிகளிலும் அது அமைய வேண்டும். அதன் நகல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் செல்லவேண்டும். கதிரூட்டிய இரத்தம் எங்கே கிடைக்கும் என்பதை ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையும் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். கொடையாளிப் பதிவேட்டில் இளைஞர்கள் சேரக் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்டம் துணைசெய்யலாம்.

இவற்றுள் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. பெரும் முதலீடும் வேண்டியதில்லை. உள்ளங்கையில் தோன்றும் சிறு தடிப்பைக் கண்ட கிராம சுகாதாரச் செவிலியர், அதனை வெறும் சொறியென விடாமல் அன்றே வேலூருக்குத் தொலைபேசியில் தெரிவித்தால், அதுவும் தடுப்பின் ஒரு பகுதியே. வல்லுநரின் கூடத்தில் மூன்றாம் நாளும் நான்காம் நாளும் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியமானவை ஊரில் கழியும் ஏனைய நாட்களும்.